டேஷ்போர்டு வெளுத்த வழக்கு

மனித குலம் நீதி என்ற ஒன்றைக் கண்டுபிடித்த நாளிலிருந்து, இம்மியும் பிசகாத விசாரணை ஒன்றே ஒன்றுதான் நடந்திருக்கிறது. அதை நடத்தியது எங்கள் அலுவலகம். அதன் செயலாளர் அடியேன். தற்பெருமை எனக்கு அறவே பிடிக்காது. ஆனால் உண்மையை எத்தனை நாள்தான் மூடி வைப்பது?

விஷயம் ஒரு டேஷ்போர்டு பற்றியது. சிரிக்காதீர்கள். இயக்குநரின் காரில் இருந்த டேஷ்போர்டு அது.

எங்கள் நிர்வாக மேலாளருக்கு அலுவலகம் சூட்டிய பெயர் 'பளபள'. எந்த மேசையைப் பார்த்தாலும் விரலால் ஒரு தேய் தேய்த்து, விரலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஏதோ ஒரு பயிலரங்குக்குப் போய்விட்டு வந்தவர், தரைக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று என்று தனித்தனியாகத் திரவம் வைத்திருப்பது 'பிரிவினை மனப்பான்மை' என்று கண்டுபிடித்தார். இனி எல்லாவற்றுக்கும் ஒரே நீலத் திரவம். கொள்முதல் அதிகாரி அன்றைக்கே நாற்பது கேன் வாங்கி அடுக்கிவிட்டார். சுற்றறிக்கையை நான் எழுதினேன். 'அனைத்துப் பரப்புகளும் விதிவிலக்கின்றி' என்ற தொடர் என் சொந்தச் சரக்கு. பலர் பாராட்டினார்கள்.

பாராட்டாத ஒரே ஆள் அந்தக் காரின் டிரைவர். அவன் என் மனைவியின் தம்பி. வீட்டில் என்னை அத்தான் என்பான், ஆபீசில் சார் என்பான். உறவு வேறு, உத்தியோகம் வேறு என்பதில் இரண்டு பேருமே கண்டிப்பு. நான் கொஞ்சம் கூடுதல் கண்டிப்பு. ஐந்து வருடமாக அவன் தற்காலிகம். அடுத்த மாதம் நிரந்தர ஆணை வரவேண்டும். அந்தக் காகிதத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கல்யாணத் தேதி குறிப்போம் என்று பெண் வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

"சார், இது பாத்ரூம் கறை எடுக்கிற சாமான்," என்றான் மேலாளரிடம். "டேஷ்போர்டு மேல மெல்லிசா ஒரு பூச்சு இருக்கு. அது போயிடும். ஈரத்துணியே போதும்."

"சர்குலர் படிச்சியா?"

"படிச்சேன் சார்."

"அதுல டேஷ்போர்டுக்கு விலக்கு இருக்கா?"

"இல்ல சார்."

"நீ கெமிஸ்ட்ரி படிச்சவனா?"

"இல்ல சார்."

"நானும் படிக்கல. நான் பேசாம சர்குலர்ல இருக்கிறபடி நடக்கல?"

இதற்கு மேல் யார்தான் என்ன பேச முடியும். துடைத்தான்.

இரண்டு நாள் அப்படி மின்னியது. பளபள கார் நிறுத்துமிடத்துக்கே வந்து முகம் பார்த்துத் தலை வாரிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் வெயில் ஏறியதும் கறுப்பு டேஷ்போர்டில் தேமல் மாதிரி வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. இயக்குநர் அதன்மேல் ஒரு ஃபைலை வைத்தார். இறங்கும்போது எடுத்தார். உள்ளே இருந்த தாள்கள் மட்டும் கையோடு வந்தன, அட்டை வண்டியிலேயே தங்கிவிட்டது.

உடனே மூவர் குழு அமைந்தது. துடைக்கச் சொன்ன மேலாளர் தலைவர். திரவத்தை வாங்கிய கொள்முதல் அதிகாரி உறுப்பினர். சுற்றறிக்கை எழுதிய நான் செயலாளர். இந்த விஷயத்தில் எங்கள் மூவரைவிட அனுபவசாலிகள் அந்தக் கட்டடத்திலேயே கிடையாது.

"திரவத்துல குறை இருக்கவே முடியாது," என்றார் கொள்முதல் அதிகாரி. "இன்னும் முப்பத்தெட்டு கேன் இருக்கு."

அறிவியல்பூர்வமான அந்தக் கருத்தைக் குறித்துக்கொண்டேன்.

"அப்ப அளவு பத்தலையோ?" என்றார் தலைவர்.

ஆகவே இரண்டாம் அமர்வு காருக்குள்ளேயே நடந்தது, ஏ.சி. போட்டுக்கொண்டு. டிரைவரைக் கூப்பிட்டு, அதே திரவத்தால் இன்னொரு தரம் அழுத்தித் துடைக்கச் சொன்னார்கள். அவன் துணியைக் கீழே வைத்துவிட்டான்.

"மாட்டேன் சார். இருக்கிறதும் போயிடும்."

கட்டளை மீறல். அதையும் குறித்துக்கொண்டேன். தலைவரே சட்டைக் கையை மடித்துவிட்டுக் களத்தில் இறங்கினார். அதுவரை தப்பிப் பிழைத்திருந்த ஸ்டியரிங் பக்கமும் வெளுத்தது. இப்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதாகக் குழு திருப்தி தெரிவித்தது. மூன்றாம் அமர்வில் ஷூ பாலீஷ் பூசிப் பார்த்தோம். அதன் விவரம் தலைவரின் வெள்ளைச் சட்டை முழங்கையில் பதிவாகியிருக்கிறது.

வீட்டில் என் மனைவிக்குச் சட்ட நுணுக்கம் போதாது.

"ஏங்க, வேண்டாம்னு சொன்னது அவன். செய்யச் சொன்னது நீங்க. மாட்டிக்கிட்டது அவனா?"

"விசாரணை நடக்குது. இதைப்பத்திப் பேசக்கூடாது."

"சரி. சாப்பாடும் விசாரணை முடிஞ்சே போடறேன்."

இயக்குநர் வெளியூர் போன ஒரு விடுமுறையில், மச்சான் காரை, கார் சீட் தைத்து உள்வேலை பார்க்கிற ஒரு கடைக்கு ஓட்டிக்கொண்டு போனான். போகும்போது என்னையும் கூப்பிட்டான். கடைக்காரர் டேஷ்போர்டை விரல் நுனியால் தொட்டார், முகர்ந்தார், எங்களைப் பார்த்தார்.

"எந்தப் புண்ணியவான் வேலை இது?"

நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"போன பூச்சு திரும்பாது. இதுக்கு மேல எதைத் தடவினாலும் பூசி மெழுகுற கதைதான். கழட்டி, பிசினை எடுத்துட்டு, புதுசா அடிக்கணும்."

அடுத்தடுத்து மூன்று விடுமுறை நாட்கள். மச்சான் ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி, வரிசை மாறாமல் அட்டையில் குத்தி வைத்தான். சோப்புத் தண்ணீரில் கழுவி, பிசினைப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தான். கடைக்காரர் மினுக்கம் இல்லாத கறுப்பை மூன்று தரம் மெல்லிசாக அடித்தார். மினுக்கினால் முன்கண்ணாடியில் எதிரொளித்து ரோடு தெரியாது என்றார். அந்தக் குழந்தைப் பாடம்கூட எங்கள் குழுவில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. கடைசியில் பார்த்தால், கம்பெனியிலிருந்து வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி இருந்தது.

"அத்தான், நீங்க கூட இருந்து பார்த்தீங்கல்ல," என்றான் கையைத் துடைத்துக்கொண்டே. "கேட்டா அதைச் சொல்லுங்க. எனக்கு அது போதும்."

சொல்கிறேன் என்று தலையாட்டினேன். இதை அறிக்கையில் சேர்க்க இடமில்லாததால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

இறுதி அமர்வுக்குச் சேதத்தைப் பார்வையிடப் போனோம். கார்க் கதவைத் திறந்து பிடித்தபடி மச்சான் நின்றான். சேதம் இல்லை. தலைவர் விரலால் ஒரு தேய் தேய்த்தார். விரலில் ஒன்றும் வரவில்லை. அவர் முகம் வெளுத்தது.

"சேதமே இல்லைன்னா, இத்தனை நாளா நாம எதை விசாரிச்சோம்?"

பயங்கரமான கேள்வி. கொள்முதல் அதிகாரிதான் எங்களைக் காப்பாற்றினார்.

"திரவத்தால சேதம் இல்லைன்னு ஆயிடுச்சே சார். பெரிய வெற்றி. ஆனா தடயத்தை இவன் எப்படித் தொடலாம்?"

குற்றச்சாட்டை நானே வாசகப்படுத்தினேன்: 'விசாரணையில் உள்ள பொருளை, அனுமதியின்றி, நல்ல நிலைக்குக் கொண்டுவந்தமை.'

"இவன் சரிபண்ணினப்ப கூட இருந்து பார்த்த சாட்சி யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார் தலைவர்.

மச்சான் என்னைப் பார்த்தான். நான் பேனாவுக்கு மை இறங்குகிறதா என்று உதறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'சாட்சி எவரும் இல்லை' என்று எழுதினேன். என் கையெழுத்து வழக்கம்போல முத்து முத்தாக இருந்தது.

நிரந்தர ஆணை வரவில்லை. தற்காலிகமும் போயிற்று. பெண் வீட்டார் 'பார்க்கலாம்' என்றார்கள். ஒழுக்கத்தில் மட்டும் நல்ல முன்னேற்றம். இப்போதெல்லாம் மச்சான் அக்காவைப் பார்க்க வந்தால் வீட்டிலும் என்னை சார் என்றுதான் கூப்பிடுகிறான்.

அடுத்த வாரம் புது டிரைவர் வந்தார். நாற்பது வயது, அடக்கமான மனிதர். முதல் நாளே கார் சாவியோடு என் மேசைக்கு வந்து நின்றார்.

"சார், டேஷ்போர்டை எதால துடைக்கணும்?"

ஈரத்துணி போதும் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால், உனக்கு அது எப்போதிலிருந்து தெரியும் என்று யாராவது கேட்பார்கள். ஆகவே சுற்றறிக்கையின் பிரதி ஒன்றைக் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.