துவைக்கக் கூடாத மேலங்கி

நாரைகள் அணி கோப்பையைத் தூக்கும்வரை அந்த மேலங்கியில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. ஒசாகாவில், நான்காம் மாடி வீட்டில், அரிசிக் குக்கரைச் சாட்சியாக வைத்துக் கென்சாகு சபதம் செய்தார்.

காரணம் இருந்தது. ஜப்பான் சீரிஸ் பேஸ்பால் இறுதிப் போட்டியில் ஏழு ஆட்டம். நாலு ஜெயித்தால் கோப்பை. முப்பத்தொரு வருடமாக நாரைகள் அந்தப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை. இந்த வருடம் முதல் ஆட்டத்தை டிவியில் பார்க்கும்போது, அவர் கையிலிருந்த தாக்கோயாகி என்கிற பேய்க்கணவாய் உருண்டை நழுவி, வெள்ளை மேலங்கியின் நெஞ்சில் சாஸை அப்பியது. அதே நொடி நாரைகள் அடித்த பந்து வேலி தாண்டிப் பறந்தது. ஜெயம்!

"இது கறை இல்ல மிட்சுயோ, அதிர்ஷ்டம். துவைச்சா அதுவும் தண்ணியோட போயிடும்."

"அதோட நாத்தமும் போகுமேங்க?"

"இன்னும் ஆறு ஆட்டம்தானே, பொறுத்துக்கடி."

"சும்மா பொறுத்துக்க முடியாது. பாத்திரம் நீங்க கழுவணும். குளிக்கிற தொட்டி நீங்க தேய்க்கணும். குப்பையும் நீங்கதான் கொண்டுபோய்ப் போடணும்."

"இது அநியாயம்!"

"அப்போ அங்கியைக் கழட்டுங்க. மெஷின் காலியாத்தான் இருக்கு."

ஆணித் தொழிற்சாலையில் இருபது பேரை அதட்டி வேலை வாங்கும் மனிதர், வீட்டில் முட்டிபோட்டுத் தொட்டி தேய்த்தார். குப்பையோடு கீழே இறங்கினால் பக்கத்து வீட்டு ஹமாவோகா அம்மாள் வழிமறித்தாள்: "பிளாஸ்டிக் வியாழக்கிழமைங்க. திரும்ப மேல எடுத்துட்டுப் போங்க." போனார். லிஃப்ட் வேறு பழுது.

எல்லாம் நாரைகளுக்காக. ஆட்டம் தொடங்குமுன் முகத்தை மேலங்கியில் புதைத்து ஆழமாக மூச்சிழுப்பார். "அதே சாஸ்! அதே கணவாய்மீன் வாசம்!" மிட்சுயோ சமையல் ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவிடுவாள். நாற்றம் தாங்கவில்லை போலும், பாவம்.

நாரைகள் ஒன்று ஜெயித்தால் ஒன்று தோற்றார்கள். தோற்ற நாளிலெல்லாம் வெளியே மழை வேறு கொட்டித் தீர்த்தது.

"அங்கியில கை வெச்சியா?" என்று கென்சாகு சோப்பு நுரைக் கையோடு பாய்வார்.

"சத்தியமா இன்னிக்குத் தொடவே இல்லங்க."

மூன்றுக்கு மூன்று. ஏழாவது ஆட்டம். கடைசிப் பந்து. ஜெயம்! தெருவே அலறியது. கென்சாகு தேம்பியபடி மேலங்கியைக் கழற்றி, மடித்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"மிட்சுயோ... இனிமே துவைக்கலாம்."

"காலையிலதானே துவைச்சேன்?"

கென்சாகு மேலங்கியைப் பிரித்து நெஞ்சுப் பக்கத்தைக் காட்டினார். "அப்போ கறை?"

"துவைச்சுக் காஞ்சதும் அரைக் கரண்டி சாஸ். அங்கிப் பையில ஒரு துண்டு கணவாய்க் கருவாடு. நீங்க வெளிய போற நேரம் போதும்."

"நான் பாத்திரம் கழுவினதெல்லாம்?"

"நல்லாத்தான் கழுவுனீங்க."

கடைசித் துரும்பைப் பிடித்தார் கென்சாகு. "ஆனா மூணு ஆட்டம் தோத்தோமே! அதுக்கு நீ துவைச்சதுதான்டி காரணம்!"

"அந்த மூணு நாளும் மழைங்க. காயாதுன்னு துவைக்காம விட்டுட்டேன்."