ஒற்றைக்கை மாப்பிள்ளை

"ஒற்றைக்கை மாப்பிள்ளை" என்ற பேரை நான் முதன்முதலில் கேட்டது என் தங்கை வீட்டுச் சமையலறையில். தங்கையின் நாத்தனார் மகளைக் கட்டியவர். கோட்டு தைப்பதில் கெட்டிக்காரத் தையற்காரர். ஒரு கை போயும் கடை நடத்துகிறாரே என்று மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவைத்தேன். மறு வாரம் ஆளே வந்து நின்றார். ஒரு கையில் பழப்பை, இன்னொரு கையில் குடை.

அவர் போனதும் தங்கையைப் பிடித்துக்கொண்டேன். ஒற்றைக் கையால் தண்டால் எடுக்கப்போவதாகப் போகிற இடமெல்லாம் சொல்கிறார், அப்படி ஒட்டிக்கொண்ட பேர் என்றாள். எடுத்திருக்கிறாரா என்றேன்.

"எடுத்திருந்தா ஏங்க்கா இந்தப் பேரு?"

இது ஒரு தனி இனம். முதல் படியில் நிற்க வெட்கப்படுகிற இனம். எல்லா வீட்டிலும் ஒன்று உண்டு. என் பெரியப்பா மகன் சைக்கிள் பழகிய முதல் நாளே இரண்டு கையையும் விட்டு ஓட்டினான். கல்யாணப் போட்டோவில் அவன் வாயை இறுக்கி மூடியிருப்பது அடக்கத்தால் அல்ல. என் ஓரகத்தி, காரை நேராக ஓட்டப் பழகுவதற்கு முன்னால் பின்பக்கமாக ஓட்டிக் காட்டினாள். அன்றிலிருந்து எங்கள் காம்பவுண்டுச் சுவருக்குள் புகுந்து போகலாம்.

நம் மாப்பிள்ளை போன உடற்பயிற்சிக் கூடத்து மாஸ்டர் பொறுமைசாலி. முதலில் சுவரில் கை வைத்துத் தள்ளு, அது லேசானதும் மேசை விளிம்பில், அப்புறம் முட்டி போட்டுத் தரையில், அப்புறம் முட்டியை எடுத்துவிட்டு, அப்புறம் இரண்டு கையையும் நெருக்கி வைத்து, அத்தனையும் கூடி வந்தபின் திரும்பவும் மேசைக்கே போய் ஒரு கையால், கடைசியில்தான் தரையில் ஒற்றைக் கை என்று விரல் விட்டுச் சொல்லியிருக்கிறார். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். காதில் ஏறியது கடைசி விரல் மட்டும்.

பின்னே? மீசை வைத்த மனுஷன் சுவரைத் தள்ளிக்கொண்டு நிற்பதா? வீடு எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று நாலு பேர் கேட்க மாட்டார்களா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, உறவுக்காரர்கள் எல்லாரும் கூடியிருந்த வேளையில், நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு, சட்டையைக் கழற்றி மடித்து வைத்து, இடது கையை முதுகில் கட்டிக்கொண்டு, ஆள் தரைக்கு வந்தார். இறங்கினார். இறங்குவதில் ஒரு குறையும் இல்லை. ஏற்றம்தான் வரவில்லை. மூக்கு தரையைத் தொட்டபடி கிடந்தவரைச் சுற்றி வந்தான் அவருடைய மச்சினன்.

"இறங்கினது பிரமாதம் மாமா. ஏறும்போது சொல்லுங்க, நான் சாப்பிட்டுட்டு வந்திடறேன்."

தரை வழுக்குகிறது என்றார். நேற்று நன்றாக வந்தது என்றார். நேற்று என்பது இந்த இனத்துக்கென்றே படைக்கப்பட்ட நாள். அதில் எல்லாம் கைகூடியிருக்கும். பார்த்தவர்தான் ஒருவரும் இருக்க மாட்டார்.

ராத்திரிக்குள் தோள் வீங்கிவிட்டது. இன்னொரு தடவை இப்படி இழுத்துக்கொண்டால் கத்தரியையே பிடிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கத்தரி நின்றால் கடை நின்றது. கடை நின்றால் வீடு நின்றது. மருந்து தடவினார்கள், ஒத்தடம் கொடுத்தார்கள், வீக்கம் வடிந்தது. வடிந்த மறுநாள் காலையில் பெண்டாட்டி வீட்டுக் கூடத்துக்கு வந்து பார்த்தால், மனுஷர் மறுபடி தரையில். இடது கை மறுபடி முதுகில்.

அவள் கத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நூலோட்டிப் பாக்காம ஒரு கோட்டை மெஷின்ல ஏத்துவீங்களா?"

அவர் கடையில் தைக்கக் கொடுத்தவர்களுக்குத் தெரியும். பெரிய பெரிய தையலாக நூலை ஓட்டி, நம் மேல் போட்டுப் பார்த்து, பிரித்து, திரும்ப ஓட்டி, அப்புறம்தான் மெஷின் பக்கமே போவார். அவசரப்படுத்தினால் துணியை மடித்துக் கையில் கொடுத்துவிடுவார்.

"எவனாவது ஏத்துவானா? துணி பாழாப் போயிடுமே."

"துணி போனா வேற துணி வாங்கலாம். இந்தத் தோளை எங்க போய் வாங்கறது?"

அவர் முதுகிலிருந்த கையை எடுத்து, இரண்டையும் தரையில் ஊன்றி எழுந்தாராம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால், என் பெரியப்பா மகனையும் ஓரகத்தியையும் படிக்காமல் தாண்டி, மாஸ்டர் சொன்னதையும் பாதியில் விட்டு, தண்டால் எடுத்தாரா இல்லையா என்று நேரே இங்கே வந்து நிற்பவர் உங்களில் யாராவது இருந்தால், எதற்கும் ஒரு தடவை தோளைத் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை இப்போது கடையில்தான் இருக்கிறார். வெட்டும் மேசையில் கத்தரி இருந்து ஆளைக் காணோம் என்றால், உடுப்பைப் போட்டுப் பார்க்கிற அறையில், திரையை இழுத்து விட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கிறார்.