ஒரெஸ்தேயின் முட்டிவலி

உயிரே போனாலும் பழைய கார்ப் பந்தயச் சாமான்களை அடைத்து வைத்திருந்த அந்த மாடி அறையை விட்டுக்கொடுப்பதில்லை என்று ஒரெஸ்தே முடிவு செய்தார். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணாடி முன்னால் நின்று, தேசியக் கொடியைப் பார்ப்பதுபோல் தன்னையே பார்த்துக்கொண்டு எடுத்த முடிவு. மீதிப் பாதியை மழித்து முடிப்பதற்குள் எர்சிலியா வந்துவிட்டாள்.

"அடுத்த வாரம் பியெரினா வர்றா. மாடி அறையை ஒழிச்சுக் குடு."

பியெரினா அவளுடைய தங்கை. போன குளிர்காலத்தில் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

"அது அறை இல்ல எர்சிலியா. சரித்திரம்."

"உன் சரித்திரத்துல எலி குட்டி போட்டிருக்கு."

"எதை வேணா தொடு. அந்த டயரை மட்டும் தொடாதே."

"அது யாரோட டயர்?"

"ஆராய்ச்சி நடந்துக்கிட்டிருக்கு."

"நீ ஆராய்ஞ்சு முடிக்கிறதுக்குள்ள என் தங்கச்சி தெருவுல நிப்பா."

"எனக்கும் வருத்தம்தான். ஆனா அவ்வளவையும் படியில இறக்கணுமே. என் முட்டி…"

முட்டி என்ற சொல் காதில் விழுந்ததும் எர்சிலியா வாயை மூடிக்கொண்டாள். எப்போதும் அப்படித்தான். அந்த முட்டி அந்த வீட்டில் கோயில் சிலைக்குச் சமம். மகள் மிலேனா பிறந்த விடியற்காலையில், மருத்துவச்சி ஆம்பிளைகளை வெளியே துரத்திய பிறகு, ஒரெஸ்தே நேராகக் கோயிலுக்கு ஓடி, பிள்ளைப்பேறு காக்கும் அன்னம்மாள் பீடத்துக்கு முன்னால் வெறும் கல்தரையில் முட்டி போட்டுக் கிடந்தார். குழந்தை பிறந்த சேதி வரும்வரை எழுந்திருக்கவில்லை. அன்றைக்குப் பிடித்த முட்டிவலி. மிலேனாவுக்கே இப்போது கல்யாண வயது வந்துவிட்டது, வலி மட்டும் போகவில்லை. விறகு சுமப்பது எர்சிலியா. ஏணியில் ஏறுவது எர்சிலியா. மகளின் பிறந்தநாள்தோறும் அன்னம்மாளுக்கு ஒரு மெழுகுவத்தி, ஒரெஸ்தேவுக்கு வெண்ணெய் மிதக்கும் காசொன்செல்லிக் கொழுக்கட்டை ஒரு தட்டு. அதே முட்டிகள் மதுக்கடைக்கு மட்டும் ஓட்டமாய் ஓடும். அதை யாரும் கவனித்ததில்லை.

பிரெஷியாவிலிருந்து கிளம்பி எங்கள் ஊர் வழியாகப் போன ஆயிரம் மைல் கார்ப் பந்தயத்தை அரசாங்கம் நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. நாங்கள் நிறுத்தவில்லை. மே மாத முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும், மதுக்கடையில் வருஷாவருஷம் நடக்கும் வினாடி வினா. அதில் கார் ஓடாது, வாய்தான் ஓடும். நடுவர் மருந்துக்கடை செவேரோ. புத்தகத்தில் இருப்பதை யாரும் சொல்லலாம். புத்தகத்தில் இல்லாததை நேரில் கண்டவன் மட்டுமே சொல்ல வேண்டும், எங்கே நின்று கண்டான் என்பதையும் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் புள்ளி கிடையாது. அடுத்தவர் மனைவியைப் பற்றிப் பொய் சொல்பவனைக்கூட மன்னிப்போம். பந்தயத்தைப் பற்றிப் பொய் சொல்பவனுக்கு எங்கள் ஊரில் காப்பி கிடைக்காது.

ஒரெஸ்தேவை அங்கே தோற்கடித்தவர் இல்லை. அதனால்தான் துணிந்தார்.

"எர்சிலியா, பந்தயத்தை வெச்சே ஒரு பந்தயம். ஞாயித்துக்கிழமை நான் ஜெயிச்சா அறை எனக்கு. தோத்தா பியெரினாவுக்கு."

அவள் பொலெந்தாச் சோளக்கூழைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். கரண்டி நிற்கவில்லை.

"சரி. ஆனா கடைசிக் கேள்வி நான் கேப்பேன்."

ஒரெஸ்தேவுக்குச் சிரிப்பை அடக்கவே கஷ்டமாகப் போய்விட்டது. கார்புரேட்டர் என்பது ஏதோ வேதசாட்சியின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருப்பவள் அவள்! "தாராளமா கேளு" என்றார் பெருந்தன்மையாக.

ஞாயிற்றுக்கிழமை மதுக்கடை நிரம்பி வழிந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. சாவு வீட்டில்கூட எங்கள் ஊரார் அத்தனை அடக்கமாக உட்கார்ந்ததில்லை.

"பந்தயத்தில் பெல்ஜியக் காருக்கு என்ன நிறம்?" என்றார் செவேரோ.

"மஞ்சள்" என்றார் ஒரெஸ்தே.

"இத்தாலியின் முதல் கிராண்ட் பிரி எங்கே நடந்தது?"

ரொட்டிக்கடைக்காரர் அவசரப்பட்டு "மொன்சா" என்று சொல்லி வெளியேறினார். பக்கத்து ஊரான மொந்திகியாரியை மறந்தவரை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களே நாற்காலியை நகர்த்தித் தள்ளிவைத்தார்கள். கடைசியில் ஒரெஸ்தேவும் சவரக்கடை துல்லியோவும் சரிசமமாக நின்றார்கள்.

அப்போது எர்சிலியா உள்ளே வந்தாள். பூசைக்குப் போகும் கறுப்பு உடை, கையுறை. பின்னால் பியெரினா. பெண்கள் வராத கடை அது. செவேரோவே எழுந்து நின்றார்.

"ஒரெஸ்தே, நான் கேக்கலாமா? நீங்க தயாரா இருக்கீங்களா?" என்றாள் எர்சிலியா.

நீங்க! கல்யாணத்துக்கு முன்னால் அவள் அப்பா எதிரில் சொன்னது, அதற்குப் பிறகு இப்போதுதான்.

"மிலேனா பிறந்த வருஷம். நம்ம பாலத்துகிட்ட வாய்க்கால்ல கவுந்த கார். நம்பர் ஐந்நூத்தி நாப்பத்தொண்ணு. ஓட்டினவர் சேத்துலேருந்து ஏறி வந்து முதல்ல என்ன சொன்னார்?"

அந்தப் பந்தயத்தில் காரின் எண்தான் அது பிரெஷியாவில் கிளம்பிய நேரம். ஐந்து நாற்பத்தொன்றுக்குக் கிளம்பிய கார் எங்கள் பாலத்துக்கு வரும்போது கோயிலில் ஆறு அடிக்கும். இந்தக் கணக்கைப் போட எங்கள் ஊர்க் குழந்தைக்குக்கூட விரல் வேண்டாம். மிலேனா பிறந்தது அதே பந்தய நாளில், ஆறு மணி அடித்துக்கொண்டிருந்தபோது என்பதும் ஊருக்கே தெரியும்.

ஒரெஸ்தேவும் கணக்குப் போட்டார். தெரியாது என்றால் அறை போய்விடும். தெரியும் என்றால் முட்டி போய்விடும். அறை போனால் போகட்டும் என்று ஒரு நல்ல புத்தியும் வந்தது. அதற்குள் துல்லியோ எழுந்தான்.

"'என் கண்ணாடி எங்கே'ன்னு கேட்டார்!"

"எங்க நின்னு கேட்டே?" என்றார் செவேரோ.

"எங்க மாமா சொன்னாரு."

"மாமா செல்லாது."

"மாமா செத்துட்டாருய்யா. செத்தவர் எதுக்குப் பொய் சொல்லப் போறார்? மறுத்துச் சொல்ல ஆள் இருந்தா சொல்லட்டும், இல்லேன்னா எனக்குப் புள்ளியைப் போடுங்க."

செவேரோ யோசித்தார். பேனாவைக்கூட எடுத்துவிட்டார். சரித்திரம் தன் கண் எதிரே பொய்யாவதை ஒரெஸ்தேவால் பொறுக்க முடியவில்லை. தவளை தன் வாயால் கெடும்.

"கண்ணாடியாவது மண்ணாங்கட்டியாவது!" என்று குதித்து எழுந்தார். முட்டி துளியும் முனகவில்லை. "'ஐயா, யாரும் என் பெண்டாட்டிகிட்ட சொல்லிடாதீங்க, நான் பாதுவாவுல அந்தோணியார் கோயில்ல முட்டி போட்டுக்கிட்டிருக்கேன்னு நினைச்சிட்டிருக்கா'ன்னு சொன்னார்!"

கடையே வெடித்துச் சிரித்தது. செவேரோ மட்டும் சிரிக்கவில்லை.

"எங்க நின்னு கேட்டீங்க?"

சிரிப்பு மெல்ல அடங்கியது. ஒரெஸ்தேவின் கை தானாக நெஞ்சுக்குப் போனது.

"பாலத்துல," என்றார். "கைப்பிடிச் சுவர்மேல உக்காந்து."

"உக்காந்து," என்றாள் எர்சிலியா.

புள்ளி ஒரெஸ்தேவுக்கு என்று செவேரோ அறிவித்தார். ஒருவரும் கை தட்டவில்லை.

"அன்னிக்கு வலி உயிரைப் புடுங்குச்சு," என்றாள் எர்சிலியா. குரல் உயரவே இல்லை. "அந்த மனுஷன் கல்லுமேல கிடக்கிறாரே, நாம கத்துனா நல்லா இருக்காதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பெத்தேன். பியெரினா அப்ப பாலத்துப் பக்கத்து வீட்டுலதான் இருந்தா. ஜன்னல்லேருந்து உங்களைப் பாத்திருக்கா. நான் உடைஞ்சு போயிடுவேன்னு இத்தனை வருஷமா வாயைத் திறக்கல, இப்பத்தான் சொன்னா."

துல்லியோ தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரெஸ்தேவுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையிலேயே முட்டி போட வேண்டும் போலிருந்தது.

"மன்னிச்சிடு எர்சிலியா."

"பொய் சொன்னதைக்கூட மன்னிச்சிடுவேன். அந்தப் பொய்யாவது சொந்தப் பொய்யா இருந்திருக்கக் கூடாதா? வாய்க்கால்ல விழுந்தவரோடதையா தூக்கிட்டு வரணும்?"

பரிசாகக் கொடுத்த எஞ்சின் ஆயில் டப்பாவைக் கட்டிக்கொண்டு ஒரெஸ்தே வீடு வந்தார். எர்சிலியாவும் பியெரினாவும் முன்னால் நடந்தார்கள். வாசலில்தான் எர்சிலியா திரும்பினாள்.

"வாக்குன்னா வாக்குதான். ஜெயிச்சுட்டீங்க. அறை உங்களுக்கே."

ஒரெஸ்தேவுக்கு நம்பவே முடியவில்லை. "அப்போ பியெரினா?"

"பெரிய கட்டில்ல என்கூடப் படுத்துக்குவா. நீங்க உங்க அறையில டயரோட படுத்துக்கங்க. கொட்டகையில இரும்புக் கட்டில் இருக்கு, நீங்களே மாடிக்குத் தூக்கிட்டுப் போயிடுங்க. முட்டிக்குத்தான் ஒண்ணும் இல்லியே."