ஆறாவது விரல்

நெருப்பைக் கண்டுபிடித்தபோது யாரும் தேதி குறித்துவைக்கவில்லை. சக்கரம் முதன்முதலில் உருண்டது காலையிலா மாலையிலா என்றும் தெரியாது. ஆனால், முடிந்துபோன படத்துக்கு முன்வரைவு வரையும் தொழில்நுட்பம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, மூன்றாவது மாடிக் கூட்ட அறையில், பிஸ்கட் தட்டு காலியான ஐந்தாவது நிமிடத்தில் பிறந்தது. கூட்டக் குறிப்பேடே சாட்சி. மனிதகுலத்தின் அந்த மூன்றாவது பாய்ச்சலுக்குக் கை கொடுத்தவர் ஓவியர். கொடுத்த கையில் ஐந்து விரல்கள் இருந்தன. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

வீடியோ கேம் செய்யும் அந்த நிறுவனத்தில் ஒரு காலத்தில் பன்னிரண்டு ஓவியர்கள் இருந்தார்கள். படம் போட ஏஐ வந்ததும் பதினொரு பேரை நிறுவனம் 'அவர்களுடைய கனவுகளைத் துரத்த விடுவித்தது'. கனவுகள் இன்னும் முன்னால் ஓடிக்கொண்டிருப்பதாகவும், இவர்கள் மூச்சு வாங்க நிற்பதாகவும் கேள்வி. பன்னிரண்டாமவரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். காரணம் நிர்வாக ரீதியானது. ஏஐ தரும் படங்களுக்கு 'ஓவியத் துறை ஒப்புதல்' தேவை. ஒப்புதலுக்குத் துறை தேவை. துறை என்றால் ஒரு நாற்காலியாவது வேண்டும். நாற்காலி இருந்தால் அதில் யாராவது உட்கார்ந்துதானே ஆகவேண்டும்? 'எட்டாவது வாசல்' என்ற புது ஆட்டத்தின் நாற்பத்து மூன்று படங்களுக்கும் ஓவியர் ஒரே பிற்பகலில் ஒப்புதல் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார். அவ்வளவு வேகமாக எந்த ஓவியராலும் வரைய முடியாது; கையெழுத்துப் போட முடியும்.

எல்லாம் சுமுகமாகத்தான் போனது. ரசிகர்களுக்கு மட்டும் சந்தேகம் வந்துவிட்டது. "கைவண்ணக் காவல் படை" என்று இணையத்தில் ஒரு குழு கிளம்பி, இந்தப் படங்களை மனிதர் வரைந்தாரா என்று கேட்டது. எம்.டி. சும்மா இருந்திருக்கலாம். மேடை, மைக், எதிரே ஆயிரம் பேர் என்று மூன்றும் ஒன்றாகக் கிடைத்தால் சும்மா இருக்கிறவர் எம்.டி. ஆவாரா? "ஒவ்வொரு கோடும் மனுஷக் கை போட்டது! ரஃப் ஸ்கெட்ச் அத்தனையையும் வர்ற வெள்ளிக்கிழமை வெளியிடறோம்!" என்று முழங்கிவிட்டார். கைதட்டல் அடங்கியபிறகுதான் ரஃப் என்று ஒன்றும் இல்லாதது அவருக்கு நினைவு வந்தது.

ஆகவே செவ்வாய்க்கிழமைக் கூட்டம்.

"அக்கா, ரொம்பச் சின்ன வேலை" என்றார் விளம்பர மேலாளர். வயதில் ஓவியரைவிட மூத்தவர். வேலை வாங்க வேண்டிய நாட்களில் மட்டும் தம்பியாகிவிடுவார். "ஃபைனல் படத்தைப் பாத்து ரஃப் போட்டுடணும். பின்னாடியிருந்து முன்னாடி போறோம். அவ்வளவுதான்."

"நாப்பத்து மூணுக்குமா?"

"ரஃப்னா ரஃபாத்தானே இருக்கும்? கஷ்டம் என்ன இருக்கு?"

"தப்பும் வேணும்" என்றார் எம்.டி. "அழிச்சு அழிச்சுப் போட்ட மாதிரி இருக்கணும். படத்துக்கு எத்தனை தப்பு வெச்சா நம்புவாங்க?"

கூட்டம் இதைத் தீவிரமாக விவாதித்து, படம் ஒன்றுக்கு மூன்று தவறுகள், நான்கு படங்களுக்கு ஒரு டீக் கறை என்று தீர்மானித்தது. கறைக்கான டீ அலுவலகச் செலவில்.

வக்கீல் அம்மாவுக்கு மனசாட்சி உறுத்தியது. "பொய் சொல்லக் கூடாது சார். 'முன்னாடி வரைஞ்சது'ன்னு எங்கயும் எழுதாதீங்க. 'இந்தப் படத்தின் ரஃப்'னு மட்டும் போடுங்க. எப்போ வரைஞ்சதுன்னு நாம சொல்லலை. அவங்களா நினைச்சுக்கிட்டா நாம பொறுப்பில்ல."

மனசாட்சி அடங்கியது. எல்லோரும் ஓவியரைப் பார்த்தார்கள்.

ஓவியர் பதினெட்டு வருஷமாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டார். "கடைசியில ஓடுற பேர் லிஸ்ட்ல என் பேர் வரணும் சார்."

ஆட்டம் முடிந்ததும் திரையில் ஓடும் அந்தப் பட்டியலில் அவர் பெயர் இதுவரை வந்ததில்லை. முதல் ஆட்டத்தில் இடம் போதவில்லை. இரண்டாவதில் 'மற்றும் பலர்'. அடுத்தடுத்தவற்றில் 'ஓவியக் குழு'. போன ஆட்டத்தில் 'ஊக்கம்' என்ற தலைப்பில் எம்.டி.யின் பூனை பெயர் வந்தது. பூனையை ஓவியர் ஒருமுறை பார்த்திருக்கிறார், தூங்கிக்கொண்டிருந்தது.

"இவ்வளவுதானா? தனி வரியிலயே போட்டுடுவோம்" என்றார் எம்.டி. "நான் வாக்குக் குடுத்தா குடுத்ததுதான்."

ஓவியர் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து மூன்று நாட்கள், பிறந்த குழந்தையைப் பார்த்துக் கர்ப்பத்தை வரையும் அரும்பணியில் மூழ்கினார். திட்டப்படி தவறு செய்தார். கறை வைத்தார். இருபத்தேழாவது படம், விளக்கைப் பிடித்தபடி வாசலில் நிற்கும் காவல்காரி. ஆட்டத்தின் பெட்டி அட்டையிலும் அவள்தான். ஓவியருக்கு அந்த முகம் பிடித்துப்போனது. கொஞ்சம் தன்னை மறந்து வரைந்தார். கண் படத்தைப் பார்த்தது. கை தன் பாட்டுக்குப் போனது. தீர்மானத்தில் அனுமதித்த மூன்று தவறுகளைத் தவிர நான்காவதாக ஒன்று அங்கே நிகழ்ந்துவிட்டது. அவருக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை முன்வரைவுகள் வெளியாகின. காவல் படை கண்ணீர் விட்டது. 'இந்தக் கோட்டில் ஒரு உயிர் துடிக்கிறது' என்று ஒருவர் ஒரு டீக் கறையைப் பற்றி எழுதினார்.

சனிக்கிழமை காலை ஓவியர் வீட்டிலும் கொண்டாட்டம். அவருடைய கணவர் கடிகாரம் பழுதுபார்ப்பவர். காவல் படையில் அவருக்கு 'பூதக்கண்ணாடி' என்று பெயர். பதினொரு பேர் வேலை போன அன்று கோபத்தில் சேர்ந்தவர். மனைவியின் தொழிலைக் காப்பாற்றுவதே அவருடைய லட்சியம்.

"என்னம்மா இது! பதினெட்டு வருஷமாப் பாக்கிற கோடு, எனக்குத் தெரியாதா? இந்தக் காவல்காரி பாரு, அப்படியே உன் கை!" கண்ணில் கடிகார லென்ஸை மாட்டிக்கொண்டு திரைக்குள் தலையை நுழைத்தார்.

"ஆபீஸ் விஷயம் வேணாங்க. பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"நீ பேசாத. நான் பேசறேன்." லென்ஸ் நகர்ந்தது. நின்றது. "அட, இங்க வாயேன். நீ வரைஞ்சதுல விளக்கப் பிடிச்ச கையில அஞ்சு விரல். ஃபைனல்ல எண்ணு பாப்போம்."

ஓவியர் எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார். கையிலிருந்த தோசைக் கரண்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஆறு!" என்று கணவர் தொடையில் தட்டினார். "புரியுதா? நீ ஒழுங்கா வரைஞ்சு குடுத்திருக்க. அவனுங்க அதை மிஷின்ல போட்டுக் கெடுத்திருக்கானுங்க. விடுவேனா?"

"ஏங்க, வேணாங்க. கொஞ்சம் பொறுங்க..."

"பயப்படாதம்மா. உனக்காகத்தான்" என்றபோது அவர் அதைக் காவல் படையின் பக்கத்தில் போட்டு முடித்திருந்தார்.

திங்கட்கிழமை 'விரல் முரண்பாடு குறித்த விசாரணைக் குழு' கூடியது. அதே அறை. பிஸ்கட் இல்லை.

"ஒரிஜினல்ல ஆறு" என்று தொடங்கினார் வக்கீல் அம்மா. "அதைப் பாத்து நீங்க போட்டதுல அஞ்சு. மீதி ஒரு விரலை என்ன பண்ணீங்க?"

"கைக்கு அஞ்சு விரல்தானே மேடம்?"

"அது உங்க சொந்தக் கருத்து."

"கலைஞனுக்குச் சுதந்திரம் வேணும்னு பேசுறவன் நான்" என்றார் எம்.டி. வருத்தத்துடன். "அதுக்காக ஒரு விரல் அளவுக்கா?"

"ஃபைனலை மாத்திடலாமே சார். அஞ்சே நிமிஷ வேலை. நானே..."

"மூணு லட்சம் பெட்டி அச்சாயிடுச்சு அக்கா" என்றார் விளம்பர மேலாளர். "பெட்டியை மாத்த முடியாது. உண்மையைத்தான் கொஞ்சம் மாத்தணும்."

மாற்றினார்கள். கதைத் துறை (அதுவும் ஏஐதான், நாற்காலிகூடக் கிடையாது) காவல்காரியின் வம்சத்துக்கே ஆறு விரல் என்று நான்கு நிமிடத்தில் வரலாறு எழுதியது. நிறுவனம் அறிக்கை விட்டது: 'முன்வரைவில் ஒரு விரல் விடுபட்டது மனிதத் தவறு. பொறுப்பானவர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது.'

அறிக்கையைப் படித்த ரசிகர்கள் துள்ளிக் குதித்தார்கள். மனிதத் தவறா? அப்படியானால் மனிதர் வேலை செய்திருக்கிறார்! 'மனிதக் கைவண்ண முத்திரைக் குழு' என்ற உயர்ந்த அமைப்பின் மூன்று பெரியவர்கள் நேரில் வந்தார்கள். தவறைப் பார்த்தார்கள், தொட்டுப் பார்த்தார்கள், டீ குடித்தார்கள். "இதைவிட ஆதாரம் எதுக்கு?" என்று பெட்டியில் ஒட்டுவதற்கு முத்திரை வழங்கினார்கள்.

ஓவியரும் கனவைத் துரத்த விடுவிக்கப்பட்டார். எம்.டி. லிஃப்ட் வரை வந்து வழியனுப்பினார். "உங்க பேரு கண்டிப்பா வரும். தனி வரி. நான் மறக்கல."

ரகசிய ஒப்பந்தத்தை லிஃப்டிலேயே மறந்துவிட்டு, ஓவியர் அன்றே கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். கணவர் வெகுநேரம் ஒரு கடிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு காவல் படையிலிருந்து பூதக்கண்ணாடியை நீக்கிக்கொண்டார்.

ஆட்டம் வெளிவந்ததும் அவரே ஒரு பெட்டி வாங்கிவந்து, மூன்று நாள் கடையைப் பூட்டிவிட்டு விளையாடினார். அவருக்கு வாளும் தெரியாது, வித்தையும் தெரியாது. எட்டு வாசலிலும் செத்துச் செத்துப் பிழைத்தார். எட்டாவது திறந்ததும், "ஓடியா! லிஸ்ட் ஓடுது!" என்று கத்தினார்.

எம்.டி. பெயர் வந்தது. பூனை பதவி உயர்வு பெற்று 'கலை ஊக்கம்' ஆகியிருந்தது. முத்திரைக் குழுவுக்கு நன்றி வந்தது. கடைசியில், தனி வரியில், நல்ல பெரிய எழுத்தில்:

'மனிதத் தவறு', அதன் எதிரே ஓவியரின் பெயர். முதலெழுத்தோடு, பிழையில்லாமல்.

எம்.டி. வாக்கைக் காப்பாற்றிவிட்டார்.

கணவர் திரையை நிறுத்தினார். "என்னம்மா இது... இவ்வளவு பெரிய வேலையில மனுஷங்க பண்ண தப்பு இது ஒண்ணுதானா?"

ஓவியர் வலது கையை நீட்டி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். முதலில் எம்.டி. பிறகு வக்கீல் அம்மா. விளம்பர மேலாளர். முத்திரைக் குழு. கட்டைவிரலை மடக்கும்போது கணவரை ஓரக்கண்ணால் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கை மூடிவிட்டது. நாற்பத்து மூன்று படங்களுக்குப் பார்க்காமல் ஒப்புதல் போட்டு, நாற்பத்து மூன்று பொய்களை உயிரோட்டமாக வரைந்து கொடுத்த இன்னொருவர் பாக்கி இருந்தார். அவரை எண்ண விரல் இல்லை.

பெட்டி அட்டையில், முத்திரைக்குப் பக்கத்தில், காவல்காரி ஆறு விரலால் விளக்கை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏஐ கணக்காகத்தான் வரைந்திருக்கிறது என்று ஓவியருக்கு அப்போதுதான் தோன்றியது.