இரண்டே இரண்டு புளியங்கொட்டை

ஒரு காரியத்தைப் பற்றி எனக்கு எவ்வளவு குறைவாகத் தெரிகிறதோ, அவ்வளவு சத்தமாக யோசனை சொல்வேன். அது என் பிறவிக் குணம். இப்போது கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன். (திருந்திவிடவில்லை. பல் போய்விட்டது.)

கல்யாணமாகிப் பினாங்குக்கு வந்த புதிது. என் வீட்டுக்காரருக்கு ஓர் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ஆறு வயதில் வந்த காய்ச்சல் அவருடைய இரண்டு கால்களையும் சூம்ப வைத்துவிட்டது. சக்கரம் வைத்த பலகையில் உட்கார்ந்து, கையால் தரையைத் தள்ளிக்கொண்டு வீடெல்லாம் சுற்றுவார். வாசலில் அடுப்பு வைத்து ஆப்பம் சுட்டு விற்பார். கை இரும்பு. வாய் அதைவிட இரும்பு.

கடலுக்கு அந்தப் பக்கம் பாகான் டாலாமில் என் கொழுந்தன் குடும்பம். அண்ணனுக்கு முந்திக் கல்யாணம் பண்ணிக்கொண்டவர். அவருக்கு நாலாவது பிள்ளை பிறந்தது. எங்கள் வழக்கத்தில் அத்தைதான் பிள்ளையைத் தொட்டிலில் போட்டு, காதில் மூன்று தடவை பேரைச் சொல்ல வேண்டும். முதல் மூன்று பிள்ளைகளுக்கும் வேறு யார் யாரோ சொன்னார்கள். "அக்காவால எப்படி வர முடியும்" என்று அவர்களே கேட்டு, அவர்களே பதிலும் சொல்லிக்கொண்டார்கள்.

இந்தத் தடவை அண்ணி ஆப்பக்கரண்டியைக் கீழே வைத்தார். "இந்தப் பிள்ளைக்கு நான்தான் பேர் சொல்லுவேன். எப்படிக் கூட்டிட்டுப் போவீங்களோ, எனக்குத் தெரியாது."

என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். "அது என்ன பெரிய விசயம்? நான் ஏற்பாடு பண்றேன் லா."

பண்ணவும் செய்தேன். எனக்கும் எழுத்துக்கும் தூரத்து உறவுதான். அதனால் ஒரு நூல், ஒரு கை புளியங்கொட்டை. அகலத்துக்கு நூலில் முடிச்சு, படிக்கு ஒரு கொட்டை. பிரம்பு நாற்காலியை அளந்தேன். வாசல் கதவை அளந்தேன். ரிக்ஷாவை அளந்தபோது அதை இழுக்கும் சீனர், நான் அவருக்குச் சட்டை தைக்கப் போகிறேன் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்தி நின்றார். நாற்காலியின் இரண்டு பக்கமும் மூங்கில் கட்டச் செய்தேன். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் தூக்கலாம்.

பெரிய லாஞ்சில் ஏறும் பலகை செங்குத்து, கூட்டம் வேறு இடிக்கும். துடுப்புப் போடும் சின்னப் படகு, சம்பான்தான் சரி என்று முடிவு செய்தேன். எங்கள் கரையில் கல் பாவிய சரிவு இருந்தது, நாற்காலியோடு இறக்கிவிடலாம். அந்தக் கரை எப்படி? அமாவாசைக்கு மறுநாள் மத்தியானம், நானே ஒரு சம்பானில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மரத்தால் கட்டிய படகுத்துறை, ஜெட்டி என்போம். படகிலிருந்து ஏற வேண்டியது இரண்டே படி. இரண்டு கொட்டையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். எனக்கே என்னைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை, பஞ்சமி. பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும், அதற்குள் பேர் சொல்லிவிட வேண்டும். ரிக்ஷாவில் இடித்ததில்லை, சரிவில் வழுக்கியதில்லை. நூல் ஒரு முடிச்சுகூடப் பொய் சொல்லவில்லை. சம்பானில் அண்ணி பட்டுப்புடவையோடு நடுவில் உட்கார்ந்தார். முப்பத்தைந்து வயதில் முதன்முதலாகக் கடலைத் தாண்டுகிறார். கையை நீட்டித் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு நக்கிப் பார்த்தார். "உப்புதான்" என்று எனக்குச் செய்தி சொன்னார். துடுப்புப் போட்ட நானா (தமிழ் முஸ்லிம் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம்) சிரித்துக்கொண்டே வந்தார்.

பாகான் டாலாம் ஜெட்டி வந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். ஜெட்டியைக் காணவில்லை. அது வானத்தில் இருந்தது. பச்சைப் பாசியும் சிப்பியும் அப்பிய படிகள் சேற்றிலிருந்து ஏறிக்கொண்டே போயின. எண்ணினேன். பத்து.

"இது வேற ஜெட்டி," என்றேன்.

"அதே ஜெட்டிதான் தங்கச்சி," என்றார் நானா. "தண்ணி வடிஞ்சிருக்கு. சாயங்காலம் ஏறிடும்."

"தண்ணி ஏறுமா?"

அவர் துடுப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் கெப்பாலா பத்தாஸ் வயல்காட்டில் வளர்ந்தவள். எங்கள் ஊர்க் குளத்துத் தண்ணீர் காலையில் எங்கே இருந்ததோ, சாயங்காலமும் அங்கேதான் இருக்கும். இந்தக் காரியத்துக்கு முன்னால் கடலை ஒரே தடவைதான் தாண்டியிருந்தேன், கல்யாணப் பெண்ணாக. வழியெல்லாம் அழுததில் ஒன்றையும் பார்க்கவில்லை.

"ஏன் நானா, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ கேக்கல லா."

மேலே கொழுந்தன் நின்றார். "மணி பத்தாகப் போவுது அக்கா! எப்படி ஏறுவ?"

என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார். அண்ணி மட்டும் பதறவில்லை. "முதல்ல வெறும் நாற்காலியத் தூக்கிட்டு ஏறு தம்பி, பாக்கலாம்."

ஏறினார். முதல் படியில் கால் வைத்தார், இரண்டாவது படியில் வைக்கவில்லை. பாசி அவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேற்றில் இடுப்புவரை நட்டுவிட்டது. நாற்காலி பக்கத்தில் தலைகீழாக நின்றது.

"நல்லவேளை, நான் அதுல இல்ல," என்றார் அண்ணி.

"கையை ஊனி ஏற முடியாதா அண்ணி?" என்று கேட்டேன். (இன்னும் யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன், பாருங்கள்.)

"சிப்பி கையைக் கிழிச்சா நாளைக்கு ஆப்பம் யாரு சுடுவா, நீயா?"

மேலிருந்து கொழுந்தன் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அக்கா, நேரம் போவுது. என் மச்சினிச்சி இருக்கா. அவளையே பேர் சொல்லச் சொல்லிடட்டுமா?"

அண்ணி பட்டுப்புடவை மடிப்பை நீவி விட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பத்துப் படியும் என் தலைமேல் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "ஏண்டி, கதவைக் கேட்ட, ரிக்ஷாவைக் கேட்ட, நாற்காலியக் கேட்ட. போறது நான். என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

யோசனை சொல்லத் திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் சேற்றிலிருந்தபடியே அதை அதிசயமாகப் பார்த்தார்.

அண்ணி நிமிர்ந்து கொழுந்தனைக் கேட்டார். "பிள்ளை என்ன கனம்டா இருப்பான்?"

"ஒரு பூசணிக்காய் இருப்பான் அக்கா."

"நான் அரிசி மூட்டை. மூட்டைய மேல ஏத்துறது சுளுவா, பூசணிக்காய கீழ இறக்குறது சுளுவா?"

நானா எழுந்தார். சாக்குகளைப் படிகளில் விரித்தார். வெறுங்காலோடு விறுவிறு என்று ஏறிப்போய்ப் பிள்ளையை வாங்கி, மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு படி கூடத் தடுமாறாமல் இறங்கி வந்தார். வாழ்நாளெல்லாம் அந்தப் பாசியில் நடந்த கால் அது.

அண்ணி பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார். "தொட்டில் வேணுமே," என்று மேலிருந்து யாரோ சொன்னார்கள்.

"ஆடிக்கிட்டுத்தானே இருக்கு," என்றார் அண்ணி.

சம்பான் ஆடியது. அவர் குனிந்து பிள்ளையின் காதில் சொன்னார். சுப்பையா. சுப்பையா. மூன்றாவது தடவை குரல் வெளியே வரவில்லை. ஆனால் பிள்ளைக்குக் கேட்டிருக்கும்.

விருந்துக்கு மேலே போக வேண்டுமே? அண்ணி அவசரப்படவில்லை. வடையும் பாயசமும் கயிறு கட்டி வாளியில் இறங்கின. நானாவும் அவரும் ஊர்க்கதை பேசினார்கள். நான் மட்டும் விளிம்பில் உட்கார்ந்து, தண்ணீர் ஒவ்வொரு படியாக விழுங்குவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்குச் சம்பான் ஜெட்டிக்குக் கிட்டத்தட்டச் சமமாக வந்து நின்றது. கழுவிய நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டே படி ஏறி, அண்ணி ராணி மாதிரி தம்பி வீட்டுக்குப் போனார். என் முந்தானையில் இருந்த இரண்டு கொட்டையும் கடைசியில் உண்மைதான் சொல்லியிருந்தன, ஆறு மணி நேரம் முன்னால்.

அன்று முதல் எங்கள் குடும்பத்தில் யார் எங்கே கிளம்பினாலும், "படிய எண்ணியாச்சு, தண்ணிய எண்ணியாச்சா?" என்று என்னைப் பார்த்துக் கேட்பார்கள். சுப்பையா என்ற பேரை அதன்பிறகு ஒருவரும் சொல்லவில்லை. அவனுக்குப் பேர் சம்பான்.

போன வருடம் சம்பானுடைய கடைசி மகளுக்கு நிச்சயதார்த்தம். ஜார்ஜ் டவுனில், ஒரு கடைக்கு மேலே மாடியில். பூசணிக்காய் இப்போது அரிசி மூட்டை ஆகிவிட்டான், இரண்டு முட்டியும் மடங்காது. மாடிப்படிக்குக் கீழே நின்று என்னைக் கேட்டான்.

"பெரியம்மா, எத்தனை படி?"

"இருபத்தாறு. தண்ணியும் விசாரிச்சுட்டேன். இந்த மாடிக்கு ஏறாதாம்."

அவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கடை வாசல் அஞ்சடி நடைபாதையில் உட்கார்ந்துகொண்டான். "அப்ப பொண்ணையும் மாப்பிள்ளையையும் இறங்கி வரச் சொல்லுங்க."

தட்டு, பூ, ஐயர், சம்பந்தி வீட்டார் என்று மாடி மொத்தமும் கீழே இறங்கி வந்தது.