குண்டெழுத்தில் வந்த ஆணை

மக்கள் தன்னைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று எங்கள் ஊர் நகராட்சி ஒருநாள் கண்டுபிடித்தது. தீவிரமாக ஆராய்ந்து காரணத்தையும் பிடித்துவிட்டது: எழுத்து. ஆணைகளில் எழுத்துகள் ஒல்லியாக, முனை முனையாக, முறைக்கிற மாதிரி இருந்தனவாம். ஆகவே இனி எல்லா ஆணைகளும், கொதிக்கிற எண்ணெயில் பூர்சோக் மாவுத்துண்டு உப்பி வருமே, அதுபோல் குண்டாக உருண்டு சிரிக்கிற எழுத்தில் வெளியிடப்படும் என ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. ஆணையில் இருக்கும் சங்கதியை மாற்றச் சொல்லி யாரும் தீர்மானம் கொண்டுவரவில்லை.

முதல் குண்டெழுத்து ஆணை சாய்ராகுல் அக்காவின் கடைக் கதவில் ஒட்டப்பட்டது. ஆற்றங்கரைச் சாலையில் பன்னிரண்டு வருஷமாக மண் அடுப்பில் இறைச்சி சம்சா சுட்டு, அதில்தான் மகனை வளர்த்தாள். ‘மேற்படி கடை வரும் சனிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு இடித்து அகற்றப்படும்.’

எங்கள் பக்கத்தில் அந்த மாதிரி எழுத்து விருந்துப் பத்திரிகையில்தான் வரும். விருந்துப் பத்திரிகையை யார் படிக்கிறார்கள்? நாளும் நேரமும் பார்த்தால் போதாதா?

பக்கத்துக் கடைக் குபானிச் வந்தான். “ஏன்க்கா, சனிக்கிழமை விருந்தாமே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

“சொல்ற மாதிரி விருந்தில்லப்பா.”

“மறைக்காதக்கா. மகனுக்குப் பொண்ணு அமைஞ்சிருச்சு, அதானே?”

சாய்ராகுல் கதவைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள். “பதினோரு மணிக்கு வந்துரு. தெருவையே கூட்டிட்டு வா.”

தெருவே வந்தது. வெறுங்கையோடு வர முடியுமா? இரண்டு ஆடும் ஒரு மூட்டை மாவும் கூடவே வந்தன. சரியாகப் பதினோரு மணிக்கு அதிகாரி எர்மெக், இடிக்கும் இயந்திரத்தோடு வந்து இறங்கினார். இறங்கியவர் தோளில் குபானிச், விருந்தாளிக்குச் செய்கிற மரியாதையாக, வெல்வெட் அங்கியைப் போர்த்தினான். ஓட்டுநர் தலையில் வெள்ளைத் தொப்பி ஏறியது.

“அம்மா, நான் ஆணையை நிறைவேத்த வந்திருக்கேன்.”

“நிறைவேத்துங்கய்யா, யாரு வேண்டாங்குறா. மொதல்ல ரொட்டியப் பிச்சு வாயில போடுங்க.”

போட்டார். ரொட்டி தின்ற இடத்தை எப்படி இடிப்பது? ஓட்டுநர் சாவியைப் பூட்ஸுக்குள் போட்டுக்கொண்டார். மீந்த கறியைப் பொட்டலம் கட்டி இருவர் கையிலும் கொடுத்தார்கள். திங்கட்கிழமை அறிக்கை போயிற்று: ‘ஆணையைப் பொதுமக்கள் பேருவகையுடன் வரவேற்றனர். கறி மிகுதியால் பணி காலவரையின்றி ஒத்திவைக்கப்படுகிறது.’

நகராட்சி பூரித்துப்போனது. தண்ணீர் நிறுத்தம், மின்வெட்டு, நாய் பிடிப்பு எல்லாம் குண்டெழுத்தில் வரத் தொடங்கின. நாலே மாதத்தில் ஊர் பாடம் கற்றது. அந்த எழுத்தைக் கண்டால் கதவைச் சாத்து.

ஐந்தாம் மாதம் சாய்ராகுலின் மகனுக்கு நிஜமாகவே பெண் அமைந்தது.

“பத்திரிகைக்கு எந்த எழுத்து போடட்டும்?” என்றார் அச்சுக்கடைக்காரர்.

“அதே குண்டெழுத்துதான். எனக்கு ராசியான எழுத்து.”

சனிக்கிழமை, பதினோரு மணி. அண்டாவில் கறி வெந்து குழைந்தது. தெருவில் ஒரு ஈ, காக்கை இல்லை. குபானிச் தன் கடைக்குக் குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் ஒரே ஒரு விருந்தாளி வந்தார். அதே ஓட்டுநர், அதே வெள்ளைத் தொப்பி, அதே இயந்திரம்.

“வாங்கண்ணே. நீங்களாவது பத்திரிகையப் படிச்சீங்களே.”

“எழுத்தப் பார்த்தேன்மா,” என்றார் அவர், இயந்திரத்தை அணைக்காமல். “எதை இடிக்கணும்?”