தலைவர் குளித்த ஜன்னல்

ஐந்து நிமிட வீடியோவில் ஒரு வீட்டையே புதிதாக்கிக் காட்டுகிறார்களே, அவர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஒருவர் வீட்டிலும் மாமனார் இருப்பதில்லை. இருந்திருந்தால் அந்த வீடியோ ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்காது.

நான் பூண்டுலோயாவில் பிறந்து, வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். கணவருக்குக் கொழும்பில் துணிக்கடை வேலை. மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் வீட்டில் நான், அத்தை, மாமா மூன்று பேர்தான். மாமா எங்கள் தோட்டத்துத் தலைவர். சம்பளப் பிரச்சினை, கோயில் கணக்கு, கல்யாணப் பேச்சு, காணாமல் போன மாடு என்று எதற்கும் முதல் நாற்காலி அவருக்குத்தான். அவர் சிரித்து நான் கல்யாண ஆல்பத்தில்கூடப் பார்த்ததில்லை.

வீட்டோடு ஒட்டியிருந்த பாத்ரூம் மாமாவே கல் வைத்துக் கட்டியது. பூசாத சுவர், வெறும் சிமெந்துத் தரை, பகலில் போடக்கூடாத ஒரு பல்ப். ஜன்னலில் கண்ணாடி இருந்தது. ஆனால் மானத்தைக் காப்பதற்காக அதன்மேல் உரச்சாக்கு ஒன்றை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். பட்டப்பகலிலும் உள்ளே கும்மிருட்டு. சோப்பு எது, கால் தேய்க்கும் கல் எது என்று தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். (ஒருநாள் கல்லால் முகம் தேய்த்திருக்கிறேன்.)

நான் முன்பள்ளி ஆசிரியை. விடுமுறையில் மழை விடாமல் பெய்தது. கையில் போன். 'குறைந்த செலவில் உங்கள் குளியலறையை நீங்களே மாற்றுங்கள்' என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு அது அசரீரி போலக் கேட்டது.

முதலில் சுவர். கோயிலுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்ட் வீட்டில் இருந்தது. செலவே இல்லை. அடித்து முடித்ததும் அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்.

"நல்லாத்தான் இருக்கு புள்ள. ஆனா உள்ள போறப்ப கையெடுத்துக் கும்பிடத் தோணுது."

அடுத்தது தரை. பூப்போட்ட பிளாஸ்டிக் ஸ்டிக்கர்கள் வாங்கி ஒட்டினேன். வீடியோவில் அவை தரையோடு ஒட்டிக்கொண்டன. எங்கள் வீட்டில் மாமாவோடு ஒட்டிக்கொண்டன. அவர் குளித்துவிட்டு நேரே கோயிலுக்குப் போய் விழுந்து கும்பிட்டிருக்கிறார். பின்னால் நின்றவர்களுக்கெல்லாம் அவர் உள்ளங்காலில் ஒரு சூரியகாந்திப் பூ காட்சி கொடுத்திருக்கிறது. வீட்டுக்கு வந்தவர் பூவை உரித்து என் முன்னால் வைத்தார்.

"இதெல்லாம் எடுத்துரும்மா" என்றார்.

புத்தியுள்ளவள் அதோடு நிறுத்தியிருப்பாள். நான் ஜன்னலுக்குப் போனேன்.

ஹட்டனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணனை எல்லாரும் நானா என்போம். அவரிடம், வெளிச்சமும் வேண்டும், வெளியே தெரியவும் கூடாது, விலையும் ஏறக்கூடாது என்று கேட்டேன். வேன் கண்ணாடிகளுக்கு ஒட்டுவது போன்ற ஒரு வெள்ளித் தாளை அவர் எடுத்து விரித்தார்.

"பகல்ல வெளிய இருந்து பாத்தா ஒண்டும் தெரியாது புள்ள. முகம் பாக்கிற கண்ணாடி மாதிரி ஈக்கும். உள்ளுக்கு இருந்து பாத்தா வெளிய எல்லாம் தெரியும்."

இவ்வளவு சொன்ன நானாவின் முதல் சொல்லை மட்டும் என் காது கடையிலேயே விட்டுவிட்டு வந்தது.

சாக்கைக் கழற்றினேன். சோப்புத் தண்ணீர் தெளித்து, தாளை வைத்து, தோசைக் கரண்டியால் தேய்த்து ஒட்டினேன். ஒரு குமிழி இல்லை. வெளியே போய்ப் பார்த்தால் ஜன்னலில் என் முகமும் எனக்குப் பின்னால் தேயிலை மலையும் பளிச்சென்று தெரிந்தன. என் வாழ்நாளில் எதையும் அவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை. போட்டோ எடுத்துக் கணவருக்கு அனுப்பினேன். 'ஹோட்டல் மாதிரி இருக்கு' என்று பதில் வந்தது. (அவர் இதுவரை ஹோட்டலில் தங்கியதில்லை.)

மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் ஜன்னலை ஒட்டித்தான் கொழுந்து பறிக்கப் போகும் பாதை. பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் செல்வி அக்கா வந்து நின்று, என் கண்ணுக்குள் நேராகப் பார்த்தார்.

"என்னாக்கா?" என்றேன், வாயில் நுரையோடு.

அவர் இன்னும் கிட்ட வந்தார். பல்லைக் காட்டினார். பொட்டை நேராக்கினார். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, தனக்குத்தானே ஒரு சிரிப்புச் சிரித்தார். அப்போதுதான் அவர் என்னைப் பார்க்கவில்லை என்று எனக்கு விளங்கியது. பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே சிலையாக நின்றேன். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் தலையை அவிழ்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

அதற்கடுத்த நாள் வரிசையே நின்றது. பெண்களை வேலைக்கு விரட்ட வந்த கங்காணி, தானும் நின்று மீசையை ஒதுக்கினார். (அப்போது நான் உள்ளே நின்றுகொண்டிருக்கவில்லை. உட்கார்ந்திருந்தேன். இதற்கு மேல் கேட்காதீர்கள்.) அத்தைக்கோ ஒரே பெருமை. "நம்ம ஜன்னலுக்கு வந்த மவுச பாத்தியா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்த வாரக் கடைசியில்தான் கோயில் கூட்டம். அம்மன் தேர் முதலில் எந்தப் பக்கம் போவது என்று போன வருடம் பெரிய சண்டை. மேட்டு லயங்களை மேல்கணக்கு என்போம். எங்களுடையது கீழ்கணக்கு. அன்றிலிருந்து இரண்டு பக்கமும் பேச்சுவார்த்தை இல்லை. இந்தக் கூட்டத்திலும் முடிவு வராவிட்டால் இந்த வருடம் திருவிழாவே இல்லை. தலைவர் என்ற முறையில் மாமாதான் பேசிச் சரிக்கட்ட வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு முன்னாலிருந்த வெளியில்தான் கூட்டம். பாத்ரூம் ஜன்னல் அதைப் பார்த்தபடி இருந்தது. வழக்கமாக மாமா வெயில் இருக்கும்போதே குளித்துவிடுவார். பொழுது சாய்ந்தபின் அந்தக் குளிரில் எங்கள் வீட்டில் யாரும் குளிப்பதுமில்லை, வெளியே யாரும் நிற்பதுமில்லை. அன்று அவர் ஹட்டனிலிருந்து வர இருட்டிவிட்டது. "ஒரு சொம்பு ஊத்திக்கிட்டு வந்துடறேன்" என்று உள்ளே போய் லைட்டைப் போட்டார்.

நான் பிளேன்டீத் தட்டோடு வெளியே வந்தேன். ஒரு பக்கம் மேல்கணக்கு, ஒரு பக்கம் கீழ்கணக்கு. முறைத்துக்கொண்டு இருப்பார்கள் என்று பார்த்தால், எல்லாரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் திரும்பினேன்.

இருட்டில் எங்கள் பாத்ரூம் ஜன்னல் பெரிய டிவி போல எரிந்துகொண்டிருந்தது. நீலச் சுவருக்கு முன்னால், தலையெல்லாம் சோப்பு நுரையோடு மாமா. (ஜன்னலை நெஞ்சுக்கு மேல் வைத்துக் கட்டிய அவருடைய தொலைநோக்கை நான் இன்றுவரை வணங்குகிறேன்.) குளிப்பதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் பேச்சுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

சத்தம் வரவில்லை, படம் மட்டும்தான். செம்பை மைக்காகப் பிடித்தார். ஒரு விரலை உயர்த்தினார். மலைமேட்டைக் காட்டினார். கை கூப்பினார். கடைசியாகத் துவாயை எடுத்து, கண்ணில் ஒற்றி, தோள் குலுங்க ஓர் அழுகை. அது திருப்தியில்லை போலும், இன்னொரு தடவை அழுது பார்த்தார்.

தட்டை அத்தையிடம் திணித்துவிட்டு ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன்.

"மாமா, லைட்ட அணைங்க."

"ஏம்மா?"

மாமனாரிடம் எந்த மருமகள் இதற்குப் பதில் சொல்வாள்?

"சும்மாதான் மாமா. கரண்டு வீணாகுது."

"இருட்டுல எப்புடிம்மா குளிக்கிறது" என்றவர் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் மெயின் சுவிட்சைத் தட்டினேன். வெளியே கூட்டத்துக்குப் போட்டிருந்த பல்புக்கும் எங்கள் வீட்டிலிருந்துதான் கரண்டு. கூட்டமே இருண்டது. இருட்டுக்குள்ளிருந்து யாரோ கை தட்ட, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

மாமா உடுத்திக்கொண்டு வெளியே வந்ததும் நான் சுவிட்சைத் திரும்பப் போட்டேன். இன்னும் ஓயாத கைதட்டலைத் தனக்கான வரவேற்பு என்று நினைத்து அவர் தலையசைத்தார். பேசத் தொடங்கினார். விரலை உயர்த்தினார். கூட்டத்தில் ஓர் இருமல். மலைமேட்டைக் காட்டினார். இருமல் கூடியது. கை கூப்பிவிட்டுத் தோளில் கிடந்த துவாயை அவர் எடுத்ததுதான் தாமதம், மேல்கணக்குப் பெருமாள் அண்ணன் எழுந்தார்.

"அழுவாதீங்க தலைவரே. ரெண்டு தடவ அழுதுட்டீங்க, போதும்."

அதுவரை அடக்கியிருந்த கூட்டம் உடைந்தது. எதிரும் புதிருமாக இருந்தவர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிச் சிரித்தார்கள். மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பெருமாள் அண்ணன் ஜன்னலைக் காட்டினார். கரண்டு வந்ததில் பாத்ரூம் பல்பும் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே நீலச் சுவர், பல்ப், கொடியில் தொங்கிய அத்தையின் பாவாடை வரை எல்லாம் தெளிவாகத் தெரிந்தன.

மாமா ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னைத் தேடினார். நான் அத்தையின் முதுகுக்குப் பின்னால் இருந்தேன். இந்த மனிதர் இனி தோட்டத்தில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பார் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. பூண்டுலோயாவுக்குக் கடைசி பஸ் போயிருக்குமா என்றும் யோசித்தேன்.

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சரி. நான் இனிமே பேச வேண்டியதில்ல. எல்லாம் பாத்துட்டீங்க. நான் என்னா சொன்னேன்னு நீங்களே சொல்லுங்க."

சிரிப்பு நின்றது. பெருமாள் அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"மலைப் பக்கம் கையக் காட்டிக் கும்பிட்டீங்க. தேரு மொதல்ல எங்க பக்கம் வரட்டும்னுதானே சொன்னீங்க?"

எங்கள் பக்கத்து ஆட்களுக்கே அப்படித்தான் தோன்றியதாம். இரண்டொருவர் தலையசைத்தார்கள். மாமா துவாயை மடித்து மடியில் வைத்தார்.

"ஆமா. அதத்தான் சொன்னேன்."

அந்த வருடம் தேர் மேட்டுக்குப் போய்விட்டுத்தான் எங்கள் பக்கம் இறங்கியது. சண்டை இல்லை. அவர் உண்மையில் சொன்னது 'அந்த மேல்கணக்குக்காரங்க அடாவடிய அம்மன்தான் கேக்கணும்' என்று அத்தையிடம் பிறகு ஒப்புக்கொண்டார்.

மறுநாள் விடியுமுன் உரச்சாக்கு பழைய ஆணியில் தொங்கியது. செல்வி அக்கா வந்து, "எங்க கண்ணாடி எங்க?" என்று என்னிடம் சண்டைக்கு நின்றார். மாமா அந்த ராத்திரியைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊர்தான் விடவில்லை. எங்கள் தோட்டத்தில் யாராவது கூட்டத்தில் உருக்கமாகப் பேசத் தொடங்கினால், "குளிச்சிட்டு வந்தியா?" என்று ஒரு குரல் இன்றும் வரும்.

இப்போது என் மகளுக்கு ஏழு வயது. போன மாதம் பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டி. முதல் நாள் சாயந்தரம் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, "அவைத்தலைவர் அவர்களே" என்று தொடங்கினாள். வெளியே பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா தலையைத் தூக்காமலே சொன்னார்.

"மொதல்ல லைட்ட அணைச்சிட்டுப் பேசும்மா."

சொல்லிவிட்டுப் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். பேப்பர் குலுங்கிக்கொண்டே இருந்தது.